ஜேம்ஸ்டவுன்: அசல் கோட்டை நிலமா, மாதிரிக் கோட்டையா? எதைப் பார்ப்பது?

கொள்ளிடத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மாவையும் ஐந்தாம் வகுப்பில் படிக்கும் மகளையும் அழைத்துக்கொண்டு அக்டோபரில் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் நகருக்குச் செல்லவிருக்கிறோம். அப்பா பணிநிறைவு பெற்ற வரலாற்று ஆசிரியர். 1607ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அமெரிக்க மண்ணில் நிலைத்து ஊன்றிய முதல் குடியேற்றம் ஜேம்ஸ்டவுன் என்று எத்தனையோ ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவர் என்பதால், அந்த இடத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று உறுதியாக இருக்கிறார். ஆனால் இணையத்தில் தேடினால் ஏறத்தாழ ஒரே பெயரில் இரண்டு இடங்கள் வருகின்றன. இரண்டுக்கும் தனித்தனி நுழைவுச்சீட்டு. ஒன்றைப் பற்றி எழுதியவர்களில் சிலர், புல்வெளியையும் இடிந்த தேவாலயக் கோபுரத்தையும் தவிர அங்கே எதுவும் இல்லை என்று குறைப்பட்டிருக்கிறார்கள். எங்களுக்கு அரை நாள்தான் கிடைக்கும். எதைத் தேர்ந்தெடுப்பது என்று சென்று வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ரிச்மண்ட்வாசி எழுதியது:

இந்தக் குழப்பம் எல்லாருக்கும் வருவதுதான். முதலில் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

'ஹிஸ்டாரிக் ஜேம்ஸ்டவுன்' என்பது ஜேம்ஸ் ஆற்றின் தீவில் உள்ள உண்மையான இடம். 1607 மே மாதத்தில் 104 ஆண்களும் சிறுவர்களுமாக வந்திறங்கியவர்கள் கோட்டை கட்டிய மண் அதுதான். தேசியப் பூங்காத் துறையும், 'பிரிசர்வேஷன் வர்ஜீனியா' என்ற பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து அதைப் பராமரிக்கின்றன. இந்த அமைப்புக்கு 1893இல் நன்கொடையாக வந்த 22.5 ஏக்கர் நிலத்துக்குள்தான் கோட்டை இருக்கிறது. தேசியப் பூங்கா ஆண்டு அட்டை வைத்திருப்பவர்களும் இந்த அமைப்புக்கு உரிய கட்டணத்தைத் தனியாகச் செலுத்த வேண்டும். இது தெரியாமல் வாசலில் நின்று வாதிடுபவர்களை அடிக்கடி பார்க்கலாம்.

'ஜேம்ஸ்டவுன் செட்டில்மெண்ட்' என்பது வர்ஜீனியா மாநில அரசின் அருங்காட்சியகம். குடியேற்றத்தின் 350ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1957இல் தொடங்கப்பட்டது. சூசன் கான்ஸ்டன்ட், காட்ஸ்பீட், டிஸ்கவரி ஆகிய மூன்று கப்பல்களின் முழு அளவு மாதிரிகள் அங்கே ஆற்றில் நிற்கின்றன, ஏறிப் பார்க்கலாம். மரவேலிக் கோட்டையையும் பவ்ஹாட்டன் பழங்குடியினரின் ஊரையும் புதிதாக எழுப்பி வைத்திருக்கிறார்கள். அக்கால உடையணிந்த ஊழியர்கள் திரித்துப்பாக்கி சுட்டுக் காட்டுவார்கள், சமைத்துக் காட்டுவார்கள், கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். இரண்டு இடங்களுக்கும் இடையே காரில் சில நிமிடத் தொலைவுதான்.

எதிர்க்கரை எழுதியது:

குறைப்பட்டு எழுதியவர்களின் கூட்டத்தில் என்னையும் சேர்த்துக்கொள்ளலாம். தீவில் நான் பார்த்தவை: 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த செங்கல் கோபுரம் ஒன்று, அதனுடன் ஒட்டி 1907இல் கட்டப்பட்ட நினைவுத் தேவாலயம், இரண்டு சிலைகள், புல்லில் நட்ட மரக்கம்பங்கள். கிழக்கே 'நியூ டவுன்' பகுதியில் வரிசையாகத் தெரியும் செங்கல் அடித்தளங்கள்கூட அசல் அல்ல. அசலைப் பாதுகாப்பாக மண்ணுக்குள் மூடிவிட்டு, அதன் மேல் அதே அளவில் புதுச் செங்கல் அடுக்கியிருக்கிறார்கள். வெயிலில் பெரியவர்களை நடக்கவைத்து இதைக் காட்டுவதைவிட, மாதிரிக் கப்பலின் கீழ்த்தளத்தில் அவர்களை நிற்கவைத்தால், அந்த அடைசலான இடத்துக்குள் நான்கு மாதத்துக்கும் மேல் கடலில் கிடந்தவர்களின் நிலை அவர்களுக்கே புரிந்துவிடும். அசல் என்ற ஒரே காரணத்துக்காக ஓர் இடம் பார்க்கத் தகுந்ததாகிவிடாது.

அகழ்குழி எழுதியது:

எதிர்க்கரை சொல்வதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன்: கண்ணுக்கு அங்கே விருந்து கிடையாது. ஆனால் புல்லில் நட்ட அந்த மரக்கம்பங்களை அவர் ஒரே வரியில் கடந்துவிட்டார். அந்த இடத்தின் கதையே அந்தக் கம்பங்களுக்குக் கீழேதான் இருக்கிறது.

கோட்டையை ஆறு அரித்துக்கொண்டு போய்விட்டது என்றுதான் நெடுங்காலமாக நம்பினார்கள். 1994இல் வில்லியம் கெல்சோ என்ற தொல்லியலாளர் தேவாலயக் கோபுரத்துக்கு அருகே தோண்டத் தொடங்கினார். கோட்டைக்குள் ஒரு தேவாலயம் இருந்ததாக ஆவணங்கள் கூறுவதால், பிற்காலத்துத் தேவாலயமும் அதற்கு அண்மையிலேயே இருக்கக்கூடும் என்பது அவரது கணிப்பு. மரத்தாலான எந்தச் சுவரும் அங்கே மிச்சமில்லை. ஆனால் பந்தற்காலைப் பிடுங்கிய குழியை மண் போட்டு மூடினாலும் அந்த வட்டம் மட்டும் வேறு நிறத்தில் தெரிவதைப்போல, மட்கிப்போன வேலிக்கம்பங்கள் மஞ்சள் களிமண்ணில் கரிய கறைகளாகத் தங்கியிருந்தன. அந்தக் கறைகள் நேர்கோடாக நீண்டு, ஒரு மூலையில் கணித்த கோணத்திலேயே திரும்பியபோது, 1996இல் கோட்டை கிடைத்துவிட்டதாக அறிவித்தார்கள். ஆற்றைப் பார்த்த பக்கம் 420 அடி, மற்ற இரு பக்கங்களும் 300 அடி என்று 1610இல் அங்கிருந்த வில்லியம் ஸ்ட்ரேச்சி எழுதிவைத்திருந்த முக்கோண அமைப்பு மண்ணிலும் அப்படியே வெளிப்பட்டது. ஆறு கொண்டுபோனது மேற்கு மூலையை மட்டுமே. இன்று அங்கே நிற்கும் கம்பங்கள் புதியவைதான். ஆனால் ஒவ்வொன்றும் பழைய கறையின் வரிசையிலேயே நடப்பட்டிருக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1861இல் உள்நாட்டுப் போரின்போது தென்மாநிலப் படையினர் அதே இடத்தில் மண்ணைக் குவித்து ஓர் அரண் எழுப்பினார்கள். அடியில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்த மண்மேடு கோட்டையின் ஒரு பகுதியைப் பின்னாளைய உழவிலிருந்து காப்பாற்றிக் கொடுத்துவிட்டது.

உங்கள் அப்பா வரலாற்று ஆசிரியர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 1607இல் என்ன நடந்தது என்பதை மாதிரிக் கோட்டை காட்டும். அதை நாம் எப்படித் தெரிந்துகொண்டோம் என்பதைத் தீவு மட்டுமே காட்டும். அகழாய்வு இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. குழியின் ஓரத்தில் கட்டியிருக்கும் கயிற்றுக்கு இப்பால் நின்றுகொண்டு, உள்ளே கரண்டியால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருப்பவரிடமே நேராகக் கேள்வி கேட்கலாம். நான் பார்த்தபோது ஒருவர் சல்லடையில் சலித்தெடுத்த ஒரு களிமண் புகைக்குழாயின் தண்டுத் துண்டைக் கையில் வைத்து, அதன் துளை அகலத்தைக் கொண்டு காலத்தை மதிப்பிடும் முறையைக் கூடியிருந்தவர்களுக்கு விளக்கினார். காலம் செல்லச் செல்ல ஆங்கிலேயக் குழாய்களின் துளை சிறுத்துக்கொண்டே வந்தது என்பதுதான் அந்த மதிப்பீட்டின் அடிப்படை. இதை எந்த மாதிரிக் கப்பலிலும் பார்க்க முடியாது.

ஆசிரியை_மலர் எழுதியது:

வணக்கம் கொள்ளிடத்தான். மகள் உடன் வருவதால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தீவில் கோட்டைக்கு அருகிலுள்ள 'ஆர்க்கியேரியம்' அருங்காட்சியகத்தில் 'ஜேன்' என்று ஆய்வாளர்கள் பெயரிட்ட சிறுமியின் மண்டையோடு வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பார்ப்பதா வேண்டாமா என்பதை நீங்கள் உள்ளே போவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

1609ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து 1610 இளவேனில் வரையான காலத்தைப் 'பட்டினிக் காலம்' என்கிறார்கள். பவ்ஹாட்டன் வீரர்கள் கோட்டையைச் சூழ்ந்திருந்ததால் வேட்டைக்கோ மீன்பிடிக்கவோ வெளியேற முடியவில்லை. சுமார் 300 பேரில் ஏறத்தாழ 60 பேரே பிழைத்தார்கள். குதிரை, நாய், எலி, பாம்பு, காலணித் தோல் என்று தின்ன முடிந்ததையெல்லாம் தின்றதையும், கடைசியில் பிணங்களையே தின்றதையும் அப்போது தலைமை வகித்த ஜார்ஜ் பெர்சி எழுதிவைத்திருந்தார். அது மிகைக் கூற்றாக இருக்கலாம் என்று ஐயுற்றவர்கள் பலர். 2012இல் கோட்டைக்குள் மூடப்பட்ட ஒரு நிலவறையில், வெட்டப்பட்ட குதிரை, நாய் எலும்புகளுடன் கலந்து, 14 வயது மதிக்கத்தக்க ஆங்கிலேயச் சிறுமியின் மண்டையோடு கிடைத்தது. நெற்றியில் தயக்கத்துடன் விழுந்த ஆழமில்லாத வெட்டுகள் நான்கு. பின்மண்டையில் அதைவிட வலுவானவை. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் டக்ளஸ் ஔஸ்லி ஆராய்ந்து, இறந்த பின் ஏற்பட்ட வெட்டுகள் இவை என்று 2013இல் அறிவித்தார். அவளுடைய உண்மையான பெயர் எவருக்கும் தெரியாது.

என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாமா என்று பெற்றோர் கேட்பதுண்டு. ஐந்தாம் வகுப்புக்குப் பஞ்சத்தைச் சொல்லலாம், மண்டையோட்டைக் காட்ட வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனால் பஞ்சம் ஏன் வந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது வெறும் பேய்க்கதையாகிவிடும். அந்த வட்டாரத்தின் பழைய சைப்ரஸ் மரங்களின் வளையங்களை ஆராய்ந்தவர்கள், 1606 முதல் 1612 வரையான ஏழு ஆண்டுகள், அதற்கு முந்தைய பல நூற்றாண்டுகளிலேயே மிகக் கடுமையான வறட்சிக் காலம் என்று 1998இல் வெளியிட்டார்கள். விளைச்சல் இல்லாதபோது பழங்குடியினரிடமே மிகுதியான சோளம் இருந்திருக்க வழியில்லை. அவர்களிடம் சோளத்தைக் கேட்டும் மிரட்டியும் வாங்கியே பிழைத்தவர்கள் குடியேறிகள். வறட்சியில் ஆற்றின் ஓட்டம் குறைந்தபோது கடல்நீர் மேலேறி வந்து குடிநீரும் உப்பாகிவிட்டது.

எதிர்க்கரை எழுதியது:

ஆசிரியை அவர்களின் விளக்கம் நன்று. ஆனால் உப்புநீர் ஏறும் சதுப்புத் தீவைத் தேர்ந்தெடுத்தவர்களின் அறிவீனத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

அகழ்குழி எழுதியது:

அது அறிவீனம் மட்டுமல்ல. ஸ்பானியக் கப்பல்கள் வந்து தாக்கும் என்ற அச்சம் அவர்களை ஆட்டிப்படைத்தது. புளோரிடாவில் 1565 முதலே ஸ்பானியர் செயின்ட் அகஸ்டினில் வேரூன்றியிருந்தார்கள். கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்க வேண்டும், கப்பலைக் கரையிலுள்ள மரத்திலேயே கட்டும் அளவுக்கு ஆழம் வேண்டும், நிலவழியாக எளிதில் தாக்க முடியாதபடி குறுகிய தொடர்பே இருக்க வேண்டும் என்ற மூன்றுக்கும் அந்த இடம் பொருந்தியது. பவ்ஹாட்டன் கூட்டத்தைச் சேர்ந்த பாஸ்பஹே மக்களின் வேட்டைக்காடாக இருந்த அந்த நிலத்தில் எவரும் குடியிருக்காததற்கு, தண்ணீர்தான் காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. 1608 ஜனவரியில் அடுத்த கப்பல் வந்தபோது, 104 பேரில் 38 பேரே எஞ்சியிருந்தார்கள்.

கொள்ளிடத்தான் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. மகளுக்குப் பவ்ஹாட்டன் தலைவரின் மகளான போகஹாண்டஸின் கதைமீதுதான் ஆர்வம். அவளுடைய திருமணம் நடந்த இடம் தீவிலேயே இருக்கிறது என்று படித்தேன். உண்மையா?

ஆசிரியை_மலர் எழுதியது:

உண்மைதான். 1608இல் மரமும் களிமண்ணும் கொண்டு கட்டப்பட்ட தேவாலயத்தின் தூண் குழிகளை 2010இல் கண்டுபிடித்தார்கள். புகையிலை பயிரிட்ட ஜான் ரோல்ஃபுக்கும் அவளுக்கும் 1614 ஏப்ரலில் திருமணம் நடந்தது அங்கேதான். ஆனால் மகளிடம் முழுவதையும் சொல்லுங்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஆங்கிலேயத் தளபதி சாமுவேல் ஆர்கால் அவளைச் சூழ்ச்சியால் பிடித்துப் பிணையாக வைத்திருந்தார். அந்தச் சிறையிருப்பில்தான் அவள் மதம் மாறி ரெபெக்கா ஆனாள். 1616இல் இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு, திரும்பும் வழியில் 1617 மார்ச்சில் கிரேவ்செண்ட் என்ற ஊரில் இறந்தாள். வயது இருபதைச் சற்றே தாண்டியிருக்கும். குடியேற்றத்தின் தலைவர்களில் ஒருவரான ஜான் ஸ்மித்துடன் காதல் என்பது கட்டுக்கதை. அவர் வந்தபோது அவள் ஏறத்தாழ 11 வயதுச் சிறுமி.

கோட்டைக்கு அருகிலுள்ள அவளுடைய வெண்கலச் சிலை 1922இல் வைக்கப்பட்டது. விரித்து நீட்டிய அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் படமெடுப்பதால் கைகள் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கின்றன. உடையோ மேற்குச் சமவெளிப் பழங்குடியினருடையதைப் போன்றது. வர்ஜீனியாக் கடற்கரைப் பெண்கள் அப்படி உடுத்தியதில்லை. அவளுடைய மக்களைப் பற்றி அறிய வேண்டுமானால் மாதிரி ஊர் இருக்கும் செட்டில்மெண்ட்தான் மேல். அதைவிட மேல், பாமங்கி இனத்தார் தங்கள் ஒதுக்கீட்டு நிலத்தில் தாங்களே நடத்தும் அருங்காட்சியகம். அழிந்துபோனவர்களாகப் பலரும் எண்ணும் அந்த மக்கள், 17ஆம் நூற்றாண்டு உடன்படிக்கையின்படி ஆண்டுதோறும் வர்ஜீனியா ஆளுநருக்கு மான் காணிக்கை செலுத்தும் வழக்கத்தை இன்றும் விடவில்லை. கூட்டாட்சி அரசின் அங்கீகாரமோ அவர்களுக்கு 2016இல்தான் நடைமுறைக்கு வந்தது.

கடலோடி எழுதியது:

இழையின் போக்கிலிருந்து விலகாமல் ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். ஆசிரியர் ஐயாவுக்குப் பிடிக்கும். இந்தக் குடியேற்றத்தை நடத்திய வர்ஜீனியா கம்பெனியின் பொருளாளராக 1609 முதல் 1619 வரை இருந்தவர் சர் தாமஸ் ஸ்மைத். 1600இல் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் ஆளுநரும் இவரே. பணம் போட்டவர்களிலும் பலர் இரண்டு பக்கமும் இருந்தார்கள். மூன்று கப்பல்களை ஜேம்ஸ்டவுனுக்கு ஓட்டிவந்த கிறிஸ்டோபர் நியூபோர்ட், பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து 1617இல் ஜாவாத் தீவின் பான்டம் துறைமுகத்தில் இறந்தார். பொதுக் களஞ்சியத்தில் திருடியவனுக்கு மரண தண்டனை விதிக்கும் கொடிய சட்டங்களைக் கொண்டு ஜேம்ஸ்டவுனை ஆண்ட சர் தாமஸ் டேல் அங்கிருந்து திரும்பியதும், அதே கம்பெனியின் கப்பற்படைக்குத் தலைமையேற்று டச்சுக்காரர்களுடன் போரிட்டு, 1619 ஆகஸ்டில் சோழமண்டலக் கரையின் மசூலிப்பட்டினத்தில் நோயால் மாண்டார். சென்னையில் கோட்டை கட்ட அவர்கள் இடம் வாங்கியது அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பின்புதான்.

இன்னொன்று: 1635ஆம் ஆண்டு வர்ஜீனியா நிலப் பதிவொன்றில் 'டோனி, கிழக்கிந்தியர்' என்று ஒரு வேலையாள் பெயர் இருக்கிறது. அவர் நம் கரையிலிருந்து போன தமிழராகவே இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அகழ்குழி எழுதியது:

ஸ்மைத், நியூபோர்ட், டேல் ஆகியோரைப் பற்றி நண்பர் கடலோடி எழுதியவை அருமை. அப்பாவிடம் கட்டாயம் சொல்லுங்கள். டோனியைப் பொறுத்தவரை, அவர் எந்தக் கரையில் பிறந்தார் என்பதை அந்த வரி சொல்லவில்லை. அக்காலத்தில் அந்த அடைமொழி குஜராத்திலிருந்து ஜாவா வரை எவருக்கும் பொருந்தும். நமக்கு ஆசையாக இருக்கிறது என்பதற்காக அவரைத் தமிழராக்கிவிட முடியாது.

கடலோடி எழுதியது:

ஏற்கிறேன். 'வாய்ப்பு உண்டு' என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

எதிர்க்கரை எழுதியது:

1619 என்று வந்துவிட்டதால் சொல்கிறேன். அந்த ஆண்டு ஜூலை 30ஆம் நாள் ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் அமெரிக்காவின் முதல் சட்டமன்றம் கூடியது என்ற பெருமையை அங்கே எங்கு திரும்பினாலும் காணலாம். அடுத்த மாதம் 'ஒயிட் லயன்' என்ற கப்பல், அங்கோலாவில் பிடிக்கப்பட்ட இருபதுக்கும் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை ஆற்றின் முகத்துவாரமான பாயின்ட் கம்ஃபர்ட்டில் இறக்கி, உணவுப்பொருளுக்கு மாற்றாகக் கொடுத்தது. ரோல்ஃபின் புகையிலை செழித்ததற்கான விலையைக் கொடுத்தவர்கள் அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும்தான். சிலைகள் இருப்பதோ ஸ்மித்துக்கும் போகஹாண்டஸுக்கும்.

ரிச்மண்ட்வாசி எழுதியது:

சிலை இல்லை என்பது சரி. ஆனால் இப்போது முற்றிலும் மறைக்கப்படுவதாகச் சொல்ல முடியாது. 1625ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் தளபதி வில்லியம் பியர்ஸ் வீட்டில் 'ஏஞ்சலோ' என்று பதிவான ஆப்பிரிக்கப் பெண்ணின் பெயரால், அந்த வீடிருந்த மனையையே அகழ்ந்து ஆராய்ந்தார்கள். ஏஞ்சலா என்று இன்று வழங்கும் அவர், 1619இல் பிடிபட்டவர்களை ஏற்றிவந்த மற்றொரு கப்பலான 'டிரஷரரில்' வந்தவர். நியூ டவுன் பகுதியில் அந்த மனையைக் காணலாம். வழிகாட்டிகள் அங்கே நின்று பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்த வரையில், கோட்டையைச் சுற்றிவிட்டு வண்டிக்குத் திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் அதுவரை நடப்பதில்லை. எதிர்க்கரை வெறுத்த புதுச் செங்கல் வரிசைகளுக்கு நடுவில்தான் அது இருக்கிறது.

எதிர்க்கரை எழுதியது:

அதை நான் பார்க்கவில்லை. அறிவிப்புப் பலகை ஒன்றை இன்னும் பெரிதாக வைத்திருக்கலாம் என்பது மட்டும் என் பதில்.

ரிச்மண்ட்வாசி எழுதியது:

கொள்ளிடத்தான் அவர்களுக்கு நடைமுறைக் குறிப்புகள். வில்லியம்ஸ்பர்க்கிலிருந்து கலோனியல் பார்க்வே வழியாகச் செல்லுங்கள். 23 மைல் நீளமுள்ள அந்தச் சாலையின் மேற்கு முனையே தீவு. வரவேற்பு மையத்திலிருந்து சதுப்பின் மேலுள்ள மரப்பாலத்தைக் கடந்து கோட்டைக்கு நடக்க வேண்டும். முதியவர்களுக்கு மூச்சிரைக்கும் தூரமல்ல, ஆனால் நிழல் குறைவு. கோடையாக இருந்தால் கொசுவைப் பற்றித் தனிப் பதிவே எழுதியிருப்பேன், அக்டோபரில் பரவாயில்லை. தீவின் நுழைவாயிலுக்கு அருகே, 1608இல் கண்ணாடி உருக்கிய உலையின் எச்சத்தையும், பக்கத்தில் இன்றும் ஊதுகுழலால் கண்ணாடி ஊதிக் காட்டும் பட்டறையையும் காணலாம். மகளுக்கு அது போதும், மண்டையோட்டை மறந்துவிடுவாள். நேரம் மிஞ்சினால் ஜேம்ஸ் ஆற்றைக் கடக்கும் படகில் காரோடு ஏறிக்கொள்ளுங்கள். கட்டணம் கிடையாது. 1607இல் கப்பலிலிருந்து பார்த்தவர்களுக்குக் கரை எப்படித் தெரிந்திருக்கும் என்பதை அந்தப் படகிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம்.

புறப்படுவதற்கு முன் தீவின் இணையப் பக்கத்தில் வெள்ள அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கடல்மட்டம் உயர்ந்து வருவதால் பெருமழைக்கும் உயர் ஓதத்துக்கும் சதுப்பு பெருகி, அகழாய்வு நிலங்களில் நீர் தேங்குகிறது. 2022இல் அமெரிக்காவின் அழியும் நிலையிலுள்ள 11 வரலாற்று இடங்களின் பட்டியலில் இதைச் சேர்த்ததற்கு அதுவே காரணம்.

கொள்ளிடத்தான் எழுதியது:

இழை முழுவதையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மசூலிப்பட்டினத்துச் செய்தியைக் கேட்டதும், டேலின் கல்லறை அங்கே இருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். காலையில் தீவு, குழியருகே அப்பா விரும்பும் வரை. அந்த நேரத்தில் மகளும் அம்மாவும் கண்ணாடிப் பட்டறைக்குப் போகலாம். செட்டில்மெண்டைக் கைவிட மனமில்லாததால், வில்லியம்ஸ்பர்க்கில் செலவிட வைத்திருந்த பிற்பகலை அதற்கு ஒதுக்கியிருக்கிறோம். எதிர்க்கரை அவர்கள் சொன்னபடி கப்பலின் கீழ்த்தளத்துக்கும் இறங்குவோம்.

அகழ்குழி எழுதியது:

வார நாளாகப் பார்த்துச் செல்லுங்கள். அகழாய்வுக் குழுவினர் குழியில் வேலை செய்வது பெரும்பாலும் அப்போதுதான்.